வந்தான் வரத்தான்

(திருகோணமலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



நம் ஊர்ப் பேச்சில் ‘வந்தான் வரத்தான்’ என்று ஒரு சொல் உண்டு. காணிச் சண்டை முற்றும்போது அது வரும். கோயில் திருவிழாவில் உபயம் யாருக்கு என்று வாக்குவாதம் எழும்போது வரும். கலியாணப் பேச்சுக் குழம்பினாலும் வரும். நேற்று வந்தவன், வேரில்லாதவன், இங்கே வாய் திறக்க உரித்தில்லாதவன் என்று பொருள். சின்ன வயதில் இதைக் கேட்டுக் கேட்டு, எங்கிருந்தும் வராத பழங்குடி ஒன்று இந்த ஊரில் இருக்கிறது, மற்றவர்கள்தான் வந்தவர்கள் என்று நான் நம்பியிருந்தேன். வளர்ந்த பிறகு அந்தக் குடியைத் தேடினேன். ஏடுகளில் தேடினேன், கல்லில் தேடினேன், தெருப்பெயர்களிலும் தேடினேன். யாரைப் பற்றி விசாரித்தாலும் அவர்கள் எங்கிருந்தோ வந்த கதை ஒன்று கிடைத்தது.

தெருப்பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சீனன்குடா என்கிறோம். டைக் வீதி என்கிறோம். உவர்மலை என்று நாம் சொல்லும் மேட்டை ஆங்கிலேயர் ஓர்ஸ் ஹில் என்றார்கள். பாலையூற்றுக்குப் போனால் பறங்கியர் வீடுகள். ஜமாலியா ஒரு பக்கம், திருக்கடலூர் ஒரு பக்கம், அனுராதபுரச் சந்தி இன்னொரு பக்கம். கோணேசர் குடியிருக்கும் மலையைச் சூழ்ந்த கோட்டைக்கு ஓர் ஆங்கிலேய இளவரசன் பெயர். இதைவிட நேர்மையான குடிவரவுப் பதிவேடு எந்தக் கச்சேரியிலும் இருக்காது.

நகரங்கள் தம்மிடம் வருகிறவர்களை எப்படி ஏற்றன, எப்படித் தடுத்தன என்பதைப் பேச அழைத்திருக்கிறீர்கள். குடிவரவுக் கொள்கை என்றால் விசாவும் கடவுச்சீட்டும் விமானநிலையக் கவுண்டரும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு மனிதன் ஓர் ஊரில் நிலைப்பானா மாட்டானா என்பது அங்கே தீர்மானமாவதில்லை. காணி கிடைத்ததா, கிணற்றில் தண்ணீர் அள்ள விட்டார்களா, சந்தையில் ஒரு தட்டு வைக்க இடம் தந்தார்களா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்களா, செத்தால் புதைக்கவோ எரிக்கவோ இடம் உண்டா? கொள்கை இங்கேதான் இருக்கிறது. இவற்றைத் தீர்மானிக்கும் கை எது என்று நம் ஊர்க் கதையை வைத்தே பார்ப்போம்.

கோணேசர் கல்வெட்டு என்று நாம் சொல்வது கல்லில் வெட்டியதல்ல, ஏட்டில் எழுதிய நூல். கவிராச வரோதயர் பெயரால் வழங்குவது. குளக்கோட்டன் கோயிலைத் திருத்தி, கந்தளாய்க் குளத்தைக் கட்டி, சோழநாட்டிலிருந்து குடிகளைக் கொண்டுவந்து இருத்தினான் என்று அது சொல்கிறது. தானத்தார், வரிப்பற்றார் என்று அவர்களுக்குப் பெயரும் தொழும்பும் வகுக்கிறது. குளக்கோட்டன் எந்த நூற்றாண்டினன் என்று வரலாற்றாசிரியர்கள் வாதாடட்டும். நான் அந்த நூலை ஒரு குடியேற்றச் சட்டமாக வாசிக்கிறேன். வருகிறவனுக்கு நிலம் உண்டு, நிலத்தோடு கடமை உண்டு, கடமையோடு கோயிலில் அவனுக்கென்று ஒரு மரியாதை உண்டு. மூன்றும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் குடிகளுக்குள் பிணக்கு வந்தால் தீர்த்துவைக்க மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் அழைத்துவரப்படுகிறான். குடியேற்றினால் பிணக்கு வரும் என்று முன்கூட்டியே நினைத்து, அதற்கு நீதி சொல்லும் ஆளையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த எத்தனையோ குடியேற்றத் திட்டங்களில் இந்த ஓர் ஏற்பாடு இல்லாமற்போனது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏட்டை நம்பாதவர்களுக்குக் கல்லும் இருக்கிறது. கந்தளாய்ப் பக்கம் பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு முதலாம் விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டுக்குரியது. சோழரை விரட்டிய சிங்கள மன்னன் அவன். அவன் ஆட்சியில் நங்கைசானி என்ற பிராமணப் பெண், இறந்த கணவன் நினைவாகச் சிவன் கோயிலுக்குக் கொடை கொடுக்கிறாள். அந்தக் கொடையைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையிடம் இருக்கிறது. போரில் தோற்றவர்களோடு வந்த குடி என்று அவளை யாரும் துரத்தவில்லை. நான் இதைச் சொல்வது அந்தக் காலம் பொற்காலம் என்று காட்டுவதற்காக அல்ல. ஆட்சி மாறினாலும் குடியிருப்பு மாறத் தேவையில்லை என்று அன்று இந்த மண்ணில் நடந்து காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதே காலத்து வணிகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இங்கிருந்து வடமேற்கே வாகல்கடவில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, காட்டனேரி என்ற ஊரை நானாதேசிய வீரபட்டினம் என்று பெயர்மாற்றி அறிவிக்கிறது. நாலு திசையிலிருந்தும் வந்த வணிகரும் அவர்களின் காவல்படையினரும் கூடி, தாங்கள் தங்கும் ஊருக்குத் தாங்களே நிலை வகுத்துக்கொண்டார்கள். நகரம் தன் கையால் எழுதிய குடிவரவுக் கொள்கைக்கு நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த மிகப் பழைய சான்று இது.

பிறகு கப்பல்கள் வந்தன. 1620இல் டேனிஷ்காரர் முதலில் இங்கே வந்து பார்த்துவிட்டுத்தான் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். அதே பத்தாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை எழுப்பினார்கள். 1660இல் கொட்டியாரக் குடாவில் கரையிறங்கிய ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸைக் கண்டி மன்னன் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் தப்பிப் போக 19 ஆண்டுகள் ஆயின. வந்தவனைப் போகவிடாமல் வைத்திருப்பதும் அன்று ஒரு கொள்கைதான். 1786இல் ஒல்லாந்தரின் தளபதி வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் என்று பற்றுப்பற்றாகச் சுற்றி நாட்குறிப்பு எழுதினார். கோட்டைக்கு நெல் வேண்டும், நெல்லுக்கு ஆள் வேண்டும் என்பது அவர் கவலை. கோயில் இருந்த இடத்தில் கோட்டை வந்தது, கோட்டையின் தேவைக்கு ஆட்களை எண்ணினார்கள். ஊரைக் கேட்கும் வழக்கம் அத்தோடு போயிற்று.

நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது டொக்யாட்டைப் பற்றி, அதாவது கடற்படையின் கப்பல் பட்டறையைப் பற்றி.

பிரித்தானியர் இந்தக் குடாவைக் கடற்படைத் தளமாக ஆக்கியது உலகறிந்தது. அந்தத் தளம் ஊரை எப்படி ஊதிப் பெருக்கி, எப்படிச் சுருங்கவைத்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1905இல் லண்டனில் கடற்படைச் செலவைக் குறைக்கத் தீர்மானித்தபோது இங்கே பட்டறைகள் அடங்கின. பிறகு சிங்கப்பூருக்கும் ஏடனுக்கும் நடுவே எண்ணெய் வேண்டும் என்று நினைத்தபோது சீனன்குடாக் காட்டுக்குள் நூறளவு எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் இந்தக் குடாவின் மதிப்பு ஒரே இரவில் ஏறியது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சனம் ஊரைவிட்டு ஓடியது. ஓடிய சனத்தைவிட அதிகமான சனம் பின்னால் வேலைக்கு வந்தது.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 1939இல் இலங்கை அரசு தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு நின்ற இந்தியரை வேலையிலிருந்து விலக்கத் தொடங்கியது. நேரு கொழும்புக்கு வந்து பேசினார், பலனில்லை. ஆகஸ்டு முதலாம் தேதியிலிருந்து இலங்கைக்குத் தொழிலாளர் போகக்கூடாது என்று இந்தியா தடைபோட்டது. வெளியூரான் வேண்டாம் என்று கொழும்பு எழுதிய மை காய்வதற்குள், எந்த ஊரானாக இருந்தாலும் வா என்று யுத்தம் கூப்பிட்டது. அதன் தடம் கணக்கெடுப்புகளில் தெரிகிறது. 1881இல் இம்மாவட்டத்தில் சுமார் 22,000 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தமிழர், நாலில் ஒரு பங்கு முஸ்லிம்கள், நூற்றுக்கு நாலு பேர் சிங்களவர். 1946 கணக்கெடுப்பில் சிங்களவர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கொலனிகள் பெருகுவதற்கு முன்பே நடந்த மாற்றம் இது. பெரும்பகுதி, சம்பளத்துக்காகத் தாங்களாகவே வந்தவர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. துறைமுகம் இருந்தால் ஆள் வரும், அது தண்ணீர் பள்ளத்துக்குப் போவது போல.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டையும் அடுத்த ஆண்டின் முற்பாதியையும் நாளேடு புரட்டுவதுபோல வரிசையாகப் பாருங்கள்.

அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்டில், தமிழரசுக் கட்சி மாநாடு இதே ஊரில் நடந்தது. பல திசைகளிலிருந்தும் ஆட்கள் நடந்தே வந்தார்கள். மொழி, சுயாட்சி, மலையகத்தாரின் குடியுரிமை ஆகியவற்றோடு, அரசு திட்டமிட்டு நடத்தும் குடியேற்றத்தை நிறுத்தவேண்டும் என்பதும் அந்த மாநாட்டின் கோரிக்கை. 1957 ஜூலை 26ஆம் தேதி பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். அதில் பலரும் கவனிக்காத ஒரு பிரிவு இருந்தது. குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரையும், அத்திட்டங்களில் வேலை செய்வோரையும் தெரிவுசெய்யும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு உண்டு என்றது அது. யார் வரலாம் என்று ஊரைக் கேட்கும் வழக்கத்தை மீண்டும் சட்டமாக்க முயன்ற ஒரு வரி.

அவ்வாண்டு அக்டோபர் 15ஆம் தேதி கடற்படைத் தளத்தில் பிரித்தானியக் கொடி இறங்கியது. டொக்யாட் மூடியதும் வேலையிழந்தவர்கள் தெருவில் நின்றார்கள். அவர்களில் சுமார் நானூறு தமிழ்க் குடும்பங்களைப் பதவியாக் குடியேற்றத் திட்டத்தில் இருத்த ஏற்பாடாகியிருந்தது. அந்தக் காணிகளை அங்கே வேலைக்கு நின்ற சிங்களத் தொழிலாளர் முந்திப் பிடித்துக்கொண்டதைப் பத்திரிகையாளர் தார்சி வித்தாச்சி தம் நூலில் எழுதியிருக்கிறார். 1958இன் வன்செயல்களைப் பற்றிய அந்த நூல் லண்டனில் வெளிவந்தது, இலங்கையில் தடைசெய்யப்பட்டது. 1958 ஏப்ரல் 9ஆம் தேதி ஒப்பந்தம் கைவிடப்பட்டது. குண்டு விழுந்து சரியாகப் பதினாறு ஆண்டு. மே மாதம் நாடு பற்றியெரிந்தது.

இரும்படித்த கொல்லனையும் கப்பலுக்கு வண்ணம் பூசியவனையும் காட்டுக்குள் போய் நெல் விதை என்று சொன்னது அரசு. அவன் போவதற்கும் தயாராக இருந்தான். பதவியாவுக்குப் போன ஏழைச் சிங்களத் தொழிலாளிக்கும் ஒரு துண்டுக் காணி கனவாக இருந்தது. இரண்டு ஏழைகளை ஒரே காணியின் முன் நிறுத்திவிட்டு, அவர்களுக்கு நடுவே நீதி சொல்ல ஒரு தனியுண்ணாப் பூபாலனை யாரும் வைக்கவில்லை. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும்.

1965இல் செல்வநாயகம் டட்லி சேனநாயக்கவோடு செய்த ஒப்பந்தம் அதே வரியை வேறு சொல்லில் எழுதியது. காணி முதலில் மாவட்டத்தின் காணியற்றோருக்கு, அடுத்து வடக்கு கிழக்கில் வாழும் தமிழ்பேசுவோருக்கு, அதன் பிறகு நாட்டின் ஏனையோருக்கு. அந்த அரசில் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவர் மு. திருச்செல்வம். கோணேசர் கோயில் வளவைப் புனித பூமியாக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை அமைத்தார். எதிர்ப்பு வந்ததும் பிரதமர் அந்தக் குழுவை நிறுத்தினார். 1968இல் திருச்செல்வம் பதவி விலகினார். உள்ளூராட்சிக்கென்றே இருந்த அமைச்சரால் ஓர் ஊரின் ஒரு மேட்டைப் பற்றி ஆராயக்கூட முடியவில்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் காணியை மாகாணத்துக்குத் தருவதாக எழுதி, தேசிய காணி ஆணைக்குழு ஒன்று அமையும் என்றது. அந்த ஆணைக்குழு அமையவே இல்லை.

இதற்கிடையே கந்தளாய், அல்லை, முதலிக்குளம் என்று கொலனிகள் பெருகின. 1981இல் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2012இல் முஸ்லிம்கள் நூற்றுக்கு நாற்பது, தமிழர் முப்பது, சிங்களவர் இருபத்தேழு. இந்த எண்களை ஒவ்வொரு தரப்பும் தன் தன் மேடையில் ஓதுகிறது. எண் கூடினால் வெற்றி, குறைந்தால் அழிவு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். இதை நான் ஏற்கமாட்டேன். திட்டமிட்ட குடியேற்றம் ஓர் அநீதி. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்தக் கொலனியில் மூன்றாம் தலைமுறையாகப் பிறந்த பிள்ளையைப் பார்த்து ‘வந்தான் வரத்தான்’ என்று சொல்லும் வாய், நாளைக்கு என்னைப் பார்த்தும் அதையே சொல்லும்.

2006ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலையில் மாவிலாறு அணை மூடப்பட்டது. ஆகஸ்டில் மூதூரில் சண்டை. முஸ்லிம் சனம் பல்லாயிரக்கணக்கில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நடந்தது. எங்கே போனார்கள்? கந்தளாய்க்கு. கொலனி என்று நாம் ஒரு வார்த்தையில் முடித்துவிடும் அந்த ஊரின் பள்ளிக்கூடங்களும் மரநிழல்களும்தான் அவர்களைத் தாங்கின. சில வாரங்களிலேயே திரும்பிப் போங்கள் என்று அதிகாரிகள் அவசரப்படுத்தினார்கள். போவதா இருப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை நடந்து வந்தவனுக்கும் இல்லை, சோறு போட்டவனுக்கும் இல்லை.

சம்பூர்ச் சனத்துக்கு அந்த ஆண்டு தொடங்கியது ஒன்பது வருட முகாம் வாழ்க்கை. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை. ஊர் உயர்பாதுகாப்பு வலயமானது. பிறகு முதலீட்டு வலயமானது. நிலக்கரி மின்நிலையம் வரும் என்றார்கள், 2016இல் வராது என்றார்கள். 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை வைத்திருந்த 237 ஏக்கர் அடுத்த ஆண்டு வந்தது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இந்தக் குடாவைச் சுற்றி யார் இருக்கலாம் என்று அன்று லண்டனில் முடிவெடுத்தார்கள். இன்று கொழும்பிலும் புதுடில்லியிலும் எடுக்கிறார்கள். சீனன்குடாப் பக்கம் முத்துநகர் விவசாயிகள் 2025இல் கச்சேரி வாசலில் வந்து உட்கார்ந்ததும் இதே கதைதான்: வயல் அவர்களுடையது, காணி துறைமுக அதிகார சபையுடையது என்று காகிதம் சொல்கிறது, அங்கே நிற்கப்போவது சூரிய மின்சாரக் கம்பனியின் பலகை.

நகரத்துக்கு அதிகாரம் கொடுத்தால் எல்லாம் நலமாகும் என்று நான் சொல்லவரவில்லை. 2007 ஜூன் 7ஆம் தேதி விடியுமுன் கொழும்பு லொட்ஜுகளில் தூங்கிக்கொண்டிருந்த 376 தமிழரை பொலிஸார் எழுப்பி பஸ்ஸில் ஏற்றினார்கள். கொழும்பில் இருக்கத் தக்க காரணம் இல்லை என்பது குற்றம். வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அந்தக் காரியத்துக்குப் பழைய உறவுக்காரர்கள் உண்டு. 1662இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. பிற்பாடு தங்கள் தலையில் சுமையாகலாம் என்று தோன்றிய ஏழையை, அவன் முன்பு சட்டப்படி குடியிருந்த ஊருக்கே திருப்பியனுப்பக் கிராமங்களுக்கு அது அதிகாரம் கொடுத்தது. சீனாவின் குடும்பப் பதிவு முறை 1958 முதல் நாட்டுப்புறத்தானை நகரத்துக்குள் அரை மனிதனாக வைத்தது. மறுபக்கமும் உண்டு. ஐரோப்பாவின் பழைய நகரங்கள் பலவற்றில், பண்ணையடிமை ஒருவன் மதிலுக்குள் ஓராண்டும் ஒரு நாளும் தங்கிவிட்டால் அவன் சுதந்திரன். 2007இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரம், காகிதம் இல்லாதவர்களும் பெறக்கூடிய நகர அடையாள அட்டையைக் கொடுத்தது. சிசிலித் தீவின் பலெர்மோ நகரம் 2015இல் நடமாடுவது மனித உரிமை என்று பிரகடனம் செய்தது.

பலெர்மோ வரை போகத் தேவையில்லை. குச்சவெளிக் கரைக்குப் போனால் போதும். தென்மேல் காற்று மேற்குக் கடலைக் கலக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் இந்தக் கரைக்கு வருவது தலைமுறை தலைமுறையான வழக்கம். வந்து வாடி போடுவார்கள். காற்று மாறினால் போய்விடுவார்கள். எந்தப் பாட்டில் யார் வலை வளைப்பது, எத்தனை வாடி, தண்ணீர் எந்தக் கிணற்றில் என்பதெல்லாம் கரையிலேயே பேசித் தீர்க்கிற காரியம். ஊர்ச் சம்மாட்டி தமிழில் தொடங்குவார், வந்தவர் சிங்களத்தில் முடிப்பார். கரையைக் கேட்டுக்கொண்டு போட்ட வாடியால் வந்த சண்டை பேச்சோடு தீரும். கேட்காமல், மேலிடத்து அனுமதிக் காகிதத்தோடு போட்ட வாடியால் வந்த சண்டை தீராது. இந்த வேறுபாட்டைக் கடற்கரைக் கிழவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

மாநகர சபைக்குக் காணி அதிகாரம் இல்லை என்பது தெரியும். ஆனால் சபையிடம் சின்னச் சின்ன அதிகாரங்கள் இருக்கின்றன. சோலைவரி இலக்கம் கொடுப்பது சபை. சந்தைக் கடையை ஏலம் விடுவது சபை. நூலக அங்கத்துவம், மயானம், குப்பை வண்டி போகும் தெரு எல்லாம் சபை. முகாமிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கிற குடும்பத்துக்கு உறுதியும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. இந்தியாவிலிருந்து திரும்பி வந்த பிள்ளைக்கு மண்டபம் முகாமில் எடுத்த காகிதம்தான் உண்டு. இரண்டு பேரும் ஒவ்வொரு கவுண்டரிலும் ‘நீ எந்த ஊர்?’ என்ற கேள்விக்கு விடை தேடி நிற்கிறார்கள்.

இங்கே சபை உறுப்பினர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நகர எல்லைக்குள் ஓராண்டும் ஒரு நாளும் வாழ்ந்த எவருக்கும், காணி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ பறங்கியரோ, ‘இவர் திருகோணமலையில் வசிக்கிறார்’ என்று சபை ஒரு கடிதம் கொடுக்கவேண்டும். நூலகத்துக்கும் சந்தைக்கும் மயானத்துக்கும் அந்தக் கடிதம் செல்லுபடியாகவேண்டும். இதற்குப் பாராளுமன்றம் கூடத் தேவையில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் பிரேரணையாகக் கொண்டுவாருங்கள். எழுதித் தர நான் இருக்கிறேன், மூன்று மொழியிலும்.